விளிம்பு அகலமா, குறுகலா?

புதிதாக மைக்ராஸ்கோப் பிடித்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "மேடம், ஒரு ஃபாசில் ஸ்பீஷிஸைப் பார்த்த உடனே பெயர் சொல்ல எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும்?" பெயர் சொல்வதற்குப் பெரிய பயிற்சி ஒன்றும் தேவையில்லை என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சுண்டிவிட்டது. கிண்டல் இல்லை. படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச காலம் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தால் பெயர் யாருக்கும் வந்துவிடும். சொல்லப்போகும் பெயருக்காக ஓர் ஊரே வாசலில் நிற்கும்போது சரியான பெயரைச் சொல்வதுதான் கஷ்டம். அப்படி இரண்டு முறை நின்றிருக்கிறேன். இரண்டும் மரக்காணத்து உப்பளக் கரையில், ஒரே ஆழ்துளையின் பக்கத்தில்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கடலோரத்தில் குடிதண்ணீர் தேடும் ஒரு திட்டத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, உப்புப் பாத்திகளுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு குப்பம். பாதி வீடுகள் மாதா கோயிலைச் சேர்ந்தவை, பாதி மாரியம்மன் கோயிலைச் சேர்ந்தவை. தண்ணீர்க் கஷ்டத்தில் மட்டும் வேற்றுமை இல்லை. ஒரு புயலில் கடல் உள்ளே வந்துபோனதற்குப் பிறகு அத்தனை கிணறும் உவர்ந்துவிட்டது. செம்மண் மேட்டிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாய் வரும். வராத நாளில் பெண்கள் குடத்தோடு மேற்கே நடப்பார்கள். அந்தக் குப்பத்துக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

என் வேலை என்ன என்று வீட்டில் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன்: பழைய கடலில் மிதந்த பாசிகளின் சுண்ணாம்புத் தகடுகள் களிமண்ணில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் தெரியும். எந்தத் தகடு கிடக்கிறதோ அதை வைத்து அந்த மண்ணின் வயதைச் சொல்லலாம். அந்தக் கரையில் அதற்கு நேரடியான பயன் இருந்தது. மேலே இருக்கும் மணலில் நல்ல தண்ணீர் இருக்கலாம். டைனோசர் காலத்து க்ரிட்டேசியஸ் களிமண் வந்துவிட்டால் அதற்குக் கீழே அந்தப் பகுதியில் உவர்தான். ஆகவே க்ரிட்டேசியஸ் தகடு தெரிந்த அன்றே துளையிடுவதை நிறுத்த வேண்டும், துளைபோடும் ரிக் அடுத்த ஊருக்குப் போகும். நிறுத்து என்ற சொல் என் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே காலில் சக்கரம். ஒரு ஸ்லைடை முழுதாகப் பார்த்து முடிப்பதற்குள் நாலு முறை எழுந்து நடப்பேன். என் ஆய்வுக்கூடம் என்பது உப்புக் கிடங்கை ஒட்டிய ஓர் அறை. ரிக்கின் ஜெனரேட்டரிலிருந்துதான் விளக்குக்கு ஒயர். ரிக் ஓடினால் வெளிச்சம் வரும், ஆனால் தரை அதிர்ந்து உருவம் நடுங்கும். ரிக் நின்றால் உருவம் நிற்கும், வெளிச்சம் போய்விடும். மணல் நிரப்பிய பெட்டி மேல் மைக்ராஸ்கோப்பை வைத்து ஒருவழியாகச் சமாளித்தேன். போதாததற்கு உப்பு. முதல் வாரத்தில் ஸ்லைடு முழுக்கச் சின்னச் சின்னக் கனசதுரங்களைப் பார்த்துவிட்டு மிக்யூலா என்ற பாசித் தகடு கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். அதுவும் கனசதுரம் போலத்தான் இருக்கும். வெளிச்சத்தை வடிகட்டும் குறுக்குக் கண்ணாடியைப் போட்டதும் எல்லாம் இருட்டாகிவிட்டன. சுண்ணாம்பு மின்னும், உப்பு மின்னாது. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் உப்போ என்று சந்தேகப்பட்டே பழகிவிட்டேன். வேறு எதையும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் பழுப்புக் களிமண் ஒன்று வந்தது. துளையிலிருந்து வரும் மண்ணைத் தகரத் தட்டுகளில் பரப்பிக் காய வைப்பார்கள். தட்டோடு ஒட்டிக் காய்ந்த அடிப்பகுதியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து கண்ணாடியில் தேய்த்தேன். லென்ஸுக்குக் கீழே கொட்டிக் கிடந்தன. முட்டை வடிவத் தகடுகள், ஒன்றுகூட உடையாமல், பளிச்சென்று. பார்த்த உடனே க்ரிட்டேசியஸ். எதிர்பார்த்த ஆழத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிட்டது. இந்த ஊருக்குத் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

மதியம் திட்ட அதிகாரி ஜீப்பில் வந்தார். ஆள் கெட்டவர் இல்லை, விஷயம் தெரிந்தவர். ஆனால் மழைக்கு முன்னால் இன்னும் பல ஊர்களில் துளையிட வேண்டிய நெருக்கடி அவருக்கு. குனிந்து பார்த்தார். நிமிரும்போதே பெயர் சொல்லிவிட்டார்.

"சிம்பிஃபார்மிஸ். க்ரிட்டேசியஸோட மேல் அடுக்கு. என்னிக்காவது வர வேண்டியதுதானேம்மா? நாளைக்குச் சாயந்திரம் லாரி அனுப்பறேன், ரிக்கைக் கழட்டிடுங்க."

"சார், விளிம்பு அகலமா இருக்குது."

"என்ன?"

நான் சொன்னதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆர்கன்கெல்ஸ்கியெல்லா சிம்பிஃபார்மிஸுக்கு விளிம்பு குறுகல், நடுப்பகுதி அகலம். அதன் தூரத்துச் சொந்தம் ப்ராயின்சோனியா பார்கா. அதற்கு விளிம்பு தடித்து அகன்று, நடுப்பகுதி சின்னதாக ஒடுங்கியிருக்கும். அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பார்கா பல லட்சம் ஆண்டுகள் மூத்தது. சிம்பிஃபார்மிஸ் இருக்கும் அடுக்கைத் தாண்டி, இன்னும் கீழே போனால்தான் அது கிடைக்க வேண்டும். மாடியிலிருந்து இறங்குகிறவர் மேல்படிகளை மிதிக்காமல் நடுப்படியில் போய் நிற்க முடியுமா?

"நடுவுல அடுக்கு அரிச்சிட்டுப் போயிருக்கும். இதெல்லாம் நடக்கறதுதான்" என்றார் அவர்.

"மண்ணுல ஆசிட் விட்டுப் பார்த்தேன் சார். பொங்கவே இல்ல. சுண்ணாம்பே இல்லாத மண்ணுல இவ்வளவு தகடு எப்படி சார்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சொன்னது இன்றைக்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது. "உனக்கு இந்த ஊருக்குத் தண்ணி வரணும்னு ஆசை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்மா. நாளைக்கு லாரி வரும். அதுக்குள்ள காரணம் கண்டுபிடிச்சா சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைக்குப் பெயர் லூர்துமேரி டீச்சர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். என் வயதுதான் இருக்கும். பள்ளி விட்டதும் ரிக் பக்கம் வந்து நிற்பார், தினமும் ஒரே கேள்வி கேட்பார்: "மேடம், தண்ணி வந்துடுமா?" அவர் தம்பிக்கு இரண்டு முறை பெண் பார்த்து, இரண்டு முறையும் தண்ணீரைக் காரணம் சொல்லித் தட்டிப்போயிருந்தது. "அவங்க மேல தப்பில்லீங்க. நானா இருந்தா நான் குடுப்பனா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்படி ஒருவரைத் தெரிந்துவிட்டால் ஸ்லைடு முன்னால் உட்காருவது கஷ்டம். என் மேலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. விளிம்பை மறுபடி மறுபடி பார்த்தேன். அகலமாகத்தான் இருந்தது. பார்க்கப் பார்க்க எதுவும் அகலமாகத்தான் தெரியும் என்றும் தோன்றியது.

மறுநாள் உட்கார முடியவில்லை. பாத்தி வரப்பில் நடந்தேன், கால் உப்பில் வெந்தது, திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன். தண்ணீரை மாற்றிப் பார்த்தேன், குச்சியை மாற்றினேன், கண்ணாடியைக் கழுவினேன். எல்லா ஸ்லைடிலும் அதே பார்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ரிக் மேஸ்திரி கோவிந்தசாமி சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார். பள்ளி விட்டு லூர்துமேரி வந்தார். மூட்டையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தட்டுகள் அடுக்கும் இடத்துக்கு வந்து நின்றார். கோவிந்தசாமி தட்டுகளை அடுக்கியபடி, கையிலிருந்த வெள்ளைக் கட்டியால் மூட்டைமேல் ஏதோ எழுதிவிட்டுத் தூக்கிப் போடப் போனார்.

"அத எறியாதீங்கண்ணே" என்று டீச்சர் கையை நீட்டினார். "குடுத்துடுங்க. அசல் சீமைச் சுண்ணாம்பு அது. கோயில்ல பிரெஞ்சுக்கார சாமியார் இருந்தப்ப அவங்க ஊர்லேர்ந்து வந்த பெட்டி. இனிமே கெடைக்காது."

சாக்பீஸ் என்றே சொல்லியிருந்தால் என் காதில் விழுந்திருக்காது. நாம் எல்லாரும் சின்ன வயதில் கேட்ட சொல்தான் சீமைச் சுண்ணாம்பு. அன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் கேட்டது. சீமையின் சுண்ணாம்பு. பிரான்ஸ் நாட்டுப் பழைய கடலின் அடித்தளத்தை வெட்டி அறுத்துக் கட்டியாக்கியது. அந்தக் கட்டி முழுக்க என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"கோவிந்தசாமி, இதாலதான் தட்டுல ஆழத்தை எழுதினீங்களா?"

"ஆமா மேடம். பெயிண்ட் டப்பா துருப்பிடிச்சிப் போச்சி. நம்மூரு சாக்பீஸ் இந்த ஈரக்காத்துல பிசுபிசுன்னு ஆயிடுது. டீச்சர்தான் இத குடுத்தாங்க. நல்லா எழுதுது."

"தட்டுல எங்க எழுதினீங்க?"

"உள்ள, அடியில. வெளியே எழுதினா அழிஞ்சிடுது மேடம்."

அடியில் எழுதி, அதன் மேலேயே ஈர மண்ணைப் பரப்பியிருக்கிறார். நான் அடியைச் சுரண்டியிருக்கிறேன். கட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஒரு துகளைத் தேய்த்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். அகன்ற விளிம்பு, ஒடுங்கிய நடு, கூட்டம் கூட்டமாக. பிறகு ஒரு களிமண் கட்டியை உடைத்து, உள்ளே யார் கையும் படாத இடத்திலிருந்து எடுத்தேன். வெறும் மண். ஒரு தகடுகூட இல்லை. நான் சத்தமாகச் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. அடித்தது எனக்கு லாட்டரி என்றுதான் நினைத்தேன்.

லாரியோடு வந்த அதிகாரி இரண்டு ஸ்லைடையும் பார்த்தார். முதல் ஸ்லைடை மறுபடி வைத்துப் பார்த்தார். கடைசியில், "காமாலை எனக்குத்தான் போல" என்று சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பினார். மேலதிகாரி வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம், அந்த மனிதருக்கு என் மரியாதை என்றைக்கும் உண்டு.

டீச்சரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. "என் கையாலயே கெடுக்கப் பார்த்தனா மேடம்? இருக்கறதுலயே நல்லதா எடுத்துக் குடுத்தேனே."

"நல்லதா இருந்ததாலதான் டீச்சர் மாட்டிச்சு. மட்டமா இருந்தா பளிச்சுன்னு தெரிஞ்சிருக்காது" என்று கிண்டலாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். பல கூட்டங்களில் நான் இங்கேயே நிறுத்தியிருக்கிறேன், கைதட்டுவார்கள். உங்களிடம் நிறுத்தப் போவதில்லை, ஏனென்றால் உங்களுக்கு வேண்டியது மீதிக் கதை.

பழுப்புக் களிமண்ணைத் தாண்டியதும் மணல் வந்தது. தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த கோவிந்தசாமி, "மேடம், இனிக்குது!" என்று கத்தினார். குப்பமே ஓடி வந்தது. ஆளுக்கு ஒரு கை குடித்தார்கள். ஆனால் அது மெல்லிய மணல். ஒரு கைப்பம்புக்குத் தாங்கும். மோட்டார், தொட்டி, தெருவுக்குத் தெரு குழாய் என்று அதிகாரி நம்பிக்கை கொடுத்திருந்ததற்குத் தாங்காது. கீழே தடித்த மணல் இருக்கலாம் என்று மேலும் துளையிட்டோம். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வந்தது சாம்பல் நிறக் களிமண்.

இந்தத் தடவை தட்டுப் பக்கமே போகவில்லை. கட்டியை நானே உடைத்தேன். ஆசிட் விட்டதும் பொங்கியது. ஸ்லைடில் தகடுகள் அவ்வளவு அழகாக இல்லை. தேய்ந்தவை, உடைந்தவை, நம் மண்ணில் கிடந்தவற்றுக்கே உரிய கோலம். அவற்றில் ஒரு முழுத் தகடு இருந்தது. சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். விளிம்பு குறுகலாக இருந்தது. நடுப்பகுதி அகலம். சிம்பிஃபார்மிஸ்.

எழுந்து வெளியே போனேன். உப்பு அம்பாரம் வரை நடந்து திரும்பி வந்தேன். மறுபடி பார்த்தேன். விளிம்பு வளரவில்லை.

கோவிந்தசாமியிடம் சொன்னதும் அவர் கையை உதறினார். "சாக்பீஸ்தான் மேடம் அது. எங்கயாவது ஒட்டிட்டு இருந்திருக்கும். உடுங்க, இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம்."

அதிகாரியிடம் ஆள் அனுப்பினேன், வந்தார். அவரும் குனிந்து பார்ப்பதற்கு முன்னாலேயே, "சாக்பீஸ் தானேம்மா? நல்லாக் கழுவினியா?" என்றார். ஒருமுறை சூடு பட்டவர், இந்த முறை தண்ணீர் பக்கமே சாய்ந்து நின்றார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நான் கண்டுபிடித்த காரணம் எல்லாருக்கும் கைவசமாகிவிட்டது. வேண்டாத தகடு எது வந்தாலும் இனிமேல் சாக்பீஸ் என்று தள்ளிவிடலாம். நான் ஒருமுறை தலையாட்டினால் போதும், ரிக் ஓடும், குப்பம் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடும். கீழே உவர் நீரைத் துளைத்து, அது மேலேறி இந்தக் கொஞ்ச மணலின் தண்ணீரையும் கெடுத்தால், அதற்கு யாரும் என்னைக் கேட்கவும் மாட்டார்கள்.

"சாக்பீஸ் இல்ல சார். அந்தக் கட்டியில நான் பார்த்த வரைக்கும் சிம்பிஃபார்மிஸ் ஒண்ணுகூட இல்ல. இது இந்த மண்ணோடது. நிறுத்தணும்."

"நிச்சயமா?"

முதல்முறை பார்கா என்று சொன்னபோது என் ஆசை என் பக்கம் நின்றது. இப்போது அது எதிர்ப்பக்கம் நின்று என்னை முறைத்தது.

"நிச்சயம் சார்."

அவர் பார்த்தார். இந்த முறை விளிம்பை மட்டும் பார்த்தார் என்று தெரிந்தது. தலையசைத்தார். ரிக் நின்றது. விளக்கும் அணைந்தது.

லூர்துமேரி வாசலில்தான் நின்றிருந்தார். நானே போய்ச் சொன்னேன். அதிகாரியைச் சொல்லவிடவில்லை.

"அன்னிக்கு அவரு இல்லன்னாரு. நீங்க இருக்குதுன்னு சண்ட போட்டீங்க" என்றார். குரல் உயரவில்லை. "இன்னிக்கு அவரு பார்க்கலாம்ன்றாரு. நீங்க இல்லன்றீங்க. எங்கள வெச்சி என்ன மேடம் வெளையாட்டு இது?"

"உள்ள வந்து பாருங்க டீச்சர், காட்டறேன்" என்றேன். முட்டாள்தனமான பேச்சு. விளக்கு அணைந்திருந்தது.

"எனக்கு என்னாத்துக்கு மேடம் பூச்சி படம்? எங்களுக்குத் தெருக்குழாய் வரும்னு சொல்லி இருந்தீங்க." திரும்பி நடந்துவிட்டார்.

மெல்லிய மணலுக்கு நேராக மணலை வடிகட்டும் குழாய் இறக்கி, கீழ்ப்பகுதியை அடைத்து, கோவிந்தசாமி கைப்பம்பு மாட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. அடித்துக்கொண்டே இருந்தால் நின்றுவிடும், சற்று விட்டு மறுபடி அடிக்க வேண்டும். ஆனால் உவர்க்கவில்லை. எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் நியாயமில்லை. ஊருக்குக் கிடைத்ததை விடக் கிடைக்காததுதான் பெரிது. நீங்கள் சரியான பெயரைச் சொல்லும் நாட்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். கைதட்டல் வந்த ஸ்லைடை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது ஸ்லைடை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிளம்புகிற அன்று காலை மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் வைத்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, டீச்சரிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பள்ளியிலும் இல்லை. கோபத்தில் ஒளிந்துகொண்டார் என்று நினைத்தேன், மனசு கனத்தது. திரும்பும் வழியில் பம்படியில் பார்த்தேன். வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்திருந்தது. நடுவில் இடுப்பில் குடத்தோடு அவர். என்னைப் பார்த்ததும் ஒரு கால் வெளியே வைத்தார். பின்னால் நின்ற பெண் உடனே ஓர் அடி முன்னால் வந்தாள். டீச்சர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இடத்த உட்டுட்டு வர முடியாது மேடம்" என்று அங்கிருந்தே கத்தினார். "நீங்க போய்ட்டு வாங்க!"